வேற்றுமையும் விலக்கலும்: பிரான்ஸின் அனுபவத்தினூடே ஒரு நோக்கு

2018 ஜூலை மாதம் பிரெஞ்சுத் தேசியப் பேரவை, நாட்டின் அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையிலிருந்து ஒரு சொல்லை நீக்குவதற்கு, எதிர்ப்பு வாக்கு ஒன்றேனும் இன்றி இணங்கியது. பிறப்பிடம், இனம், மதம் என்ற வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவரும் சட்டத்தின் முன் சமம் என அவ்வுறுப்புரை கூறுகிறது. அதிலுள்ள 'இனம்' என்ற சொல்லே நீக்கப்பட வேண்டியதாகக் கருதப்பட்டது. மனிதருக்குள் இனங்கள் என்று எவையும் இல்லை. இல்லாத ஒன்றைச் சட்டம் பெயரிட்டுக் கூறுவது அதற்கு உயிரளிப்பதாகும் என்பது உறுப்பினர்களின் வாதம். அத்திருத்த முயற்சி முற்றுப்பெறாது கைவிடப்பட்டதால் அச்சொல் இன்றும் அங்கேயே உள்ளது.

தமிழில் 'இனம்' என்பது மொழிவழிச் சமூகத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் தோல் நிறம், மண்டையோட்டின் அமைப்பு முதலிய உடற்கூறுகளைக் கொண்டு மனிதரை வகுத்துத் தரம்பிரிக்கும் கருத்தையே அச்சொல்லால் குறிக்கிறோம். அந்தக் கருத்து அறிவுலகில் தோற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. அப்படியாயின், அதன் பெயரால் நடைபெற்ற விலக்கலும் அதனோடு மறைந்திருக்க வேண்டும் அல்லவா? அவ்வாறு நிகழவில்லை. ஏன் நிகழவில்லை என்பதை, சமத்துவத்தைத் தன் அடையாளமாகவே பிரகடனம் செய்துள்ள பிரான்ஸின் வரலாற்றினூடாக நோக்குவதே நமது நோக்கம்.

இனம் என்ற கருத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்

மனிதகுலத்தை உடற்தோற்றத்தின் அடிப்படையில் சில பெரும் பிரிவுகளாகப் பகுக்கும் நவீன முயற்சிகளுள் மிக முற்பட்டது, 1684 இல் பாரிஸில் வெளிவந்த ஒரு கட்டுரையாகும். அதனை எழுதியவர் பிரான்சுவா பெர்னியே. பேரரசர் ஔரங்கசீப்பின் காலத்தில் முகலாயர் நாட்டில் பல ஆண்டுகள் தங்கியிருந்த மருத்துவர் அவர். அடுத்த நூற்றாண்டில் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ், தமது நூலின் 1758 ஆம் ஆண்டுப் பதிப்பில் மனிதரை நான்கு வகைகளாகப் பிரித்ததோடு நில்லாது, ஒவ்வொரு வகைக்கும் ஒரு குணத்தையும் கற்பித்தார். உடலைப் பார்த்து உள்ளத்தை அறியலாம் என்ற எண்ணம் அறிவியலின் ஆடையை அணிந்துகொண்டது இவ்வாறுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சிந்தனையின் முக்கிய களங்களுள் ஒன்றாகப் பாரிஸ் விளங்கியது. தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டுக் கண்காட்சிப் பொருளாக்கப்பட்ட சாரா பார்ட்மன் என்ற பெண் 1815 இல் அங்கு இறந்தபோது, அவரது உடல் ஆய்வுக்கூடத்தில் அறுக்கப்பட்டது. அவரது எலும்புக்கூடு 1970களின் நடுப்பகுதி வரை ஓர் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. 2002 இல்தான் அவரது எச்சங்கள் தாயகத்துக்கு மீண்டு நல்லடக்கம் பெற்றன. கோபினோ மனித இனங்களின் ஏற்றத்தாழ்வு பற்றிய தமது நூலை 1853 முதல் 1855 வரை வெளியிட்டார். 1859 இல் பால் புரோக்கா நிறுவிய மானிடவியல் கழகம் மண்டையோடுகளை அளப்பதில் முனைந்து நின்றது. அதே கழகத்தில் உறுப்பினராகச் சேர்ந்த ஹெயிட்டி நாட்டுக் கறுப்பின அறிஞர் அந்தெனோர் ஃபிர்மேன், 1885 இல் மனித இனங்களின் சமத்துவத்தை நிறுவி ஒரு விரிவான நூலை எழுதினார். பல தசாப்தங்கள் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

நாசி ஜெர்மனியின் கொடூரங்களின் பின்னர் நிலைமை மாறியது. 1950 இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, இனம் என்பது உயிரியல் உண்மையை விடச் சமூகத்தின் கற்பிதமே என்ற நிலைப்பாட்டை முன்வைத்தது. மனித மரபணு வேறுபாடுகளில் ஏறத்தாழ 85 சதவீதம் ஒரே மக்கட் குழுவுக்குள்ளேயே காணப்படுகிறது என 1972 இல் ரிச்சர்ட் லெவன்டின் காட்டினார். இன்று மனிதரை இனங்களாகத் தரம்பிரிப்பதை மதிப்புமிக்க பல்கலைக்கழகம் எதுவும் ஏற்பதில்லை.

உடலிலிருந்து பண்பாட்டுக்கு

எனினும், வாதம் தோற்றபோது வழக்கு முடிந்துவிடவில்லை. 1981 இல் மார்ட்டின் பார்க்கர் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 'புதிய இனவாதம்' என்ற ஒன்றைச் சுட்டிக்காட்டினார். 1988 இல் பிரான்ஸில் எத்தியேன் பாலிபாரும் பியர்-ஆந்த்ரே தாகியெஃபும் தனித்தனியே அதே திசையில் எழுதினர். அவர்கள் கண்டது இதுதான்: ஒரு மக்கட்கூட்டம் தாழ்ந்தது என்று இப்போது எவரும் கூறுவதில்லை, அது வேறுபட்டது என்றே கூறப்படுகிறது. அவர்களுடைய பண்பாடு நம்முடையதோடு இணங்காது, அவர்கள் தம் இடத்தில் வாழ்வதே இரு சாராருக்கும் நலம் என்பது புதிய வாதம். முன்பு இரத்தம் வகித்த இடத்தைப் பண்பாடு வகிக்கிறது. பிறப்பால் ஒட்டிக்கொண்டு ஒருபோதும் கழுவப்படாத ஒன்றாக அதுவும் பாவிக்கப்படுகிறது.

இது வெறும் கோட்பாடு அன்று என்பதற்கு ஓர் ஆய்வு சான்றாகிறது. கிளேர் அதிதா, டேவிட் லெய்ட்டின், மரி-ஆன் வல்ஃபோர் ஆகிய மூவரும் 2009 இல் பிரான்ஸில் மேற்கொண்டு 2010 இல் வெளியிட்ட ஆய்வு அது. வேலை கோரும் விண்ணப்பங்கள் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. விண்ணப்பித்த பெண்கள் இருவரும் கற்பனைப் பாத்திரங்கள். இருவருக்கும் குடும்பப் பெயர் செனகல் நாட்டுக்குரிய 'தியூஃப்'. கல்வித் தகைமையும் அனுபவமும் சமம். ஒருவர் மரி, மற்றவர் கதீஜா. மரி ஒரு கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்திலும் கதீஜா ஓர் இஸ்லாமியத் தொண்டு நிறுவனத்திலும் பணியாற்றியதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. மரியின் விண்ணப்பங்களில் 21 சதவீதத்துக்குச் சாதகமான பதில் வந்தது. கதீஜாவுக்கு 8 சதவீதமே.

இங்குக் கூர்ந்து கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இருவரும் ஒரே நாட்டு வழித்தோன்றல்கள். இருவருக்கும் ஒரே தோல் நிறமே ஊகிக்கப்படும். நிறத்துக்குரிய வெறுப்பு இருவரையும் ஒருசேரத் தாக்கியிருக்கும். அதற்கு மேலும் இருவரையும் பிரித்தது மதத்தின் அடையாளம் மட்டுமே. தோல் நிறத்தை மாத்திரம் இனவாதத்தின் இலக்காகக் கருதுவோர்க்கு இந்த இடைவெளி கண்ணுக்குப் புலப்படாது.

அல்ஜீரியா: நிபந்தனையோடு கூடிய சமத்துவம்

இந்த 'புதிய' இனவாதம் உண்மையில் புதியதா என்ற வினா எழுகிறது. பிரான்ஸைப் பொறுத்தவரை இதன் வேர் மத்தியதரைக் கடலின் மறுகரையில் உள்ளது என்பதே நமது கருத்து.

1830 இல் ஆக்கிரமிக்கப்பட்ட அல்ஜீரியா, 1848 இல் பிரான்ஸின் நிலப்பரப்பாகவே பிரகடனம் செய்யப்பட்டு மூன்று மாவட்டங்களாக வகுக்கப்பட்டது. மண் பிரான்ஸாகியது, மக்கள் ஆகவில்லை. 1865 ஜூலை 14 ஆம் திகதிய சட்டம், அல்ஜீரிய முஸ்லிம்களைப் பிரெஞ்சுப் பிரஜைகளாக ஏற்றுக்கொண்டபோதிலும் குடியுரிமையை அவர்களுக்கு வழங்கவில்லை. குடியுரிமை வேண்டுவோர் விண்ணப்பிக்கலாம். ஆனால் திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் ஷரீஆவின் வழியமைந்த தனியார் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுக் குடியியற் சட்டத்துக்கு உட்பட வேண்டும். ஒரு முஸ்லிமின் உள்ளத்தில் இது மார்க்கத்தைத் துறப்பதற்கு ஒப்பானதாகவே பட்டது. பல தசாப்தங்களில் அவ்வாறு குடியுரிமை பெற்றோர் சில ஆயிரம் பேரே.

இச்சட்டத்தின் நுட்பத்தை நாம் கவனித்தாக வேண்டும். அது எவரையும் தாழ்ந்த இனத்தார் என்று கூறவில்லை. கதவு திறந்தே இருக்கிறது என்றது. உள்ளே வருவோர் தம்மைத் தாமாக ஆக்கியதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும் என்று மட்டுமே கேட்டது. பின்பு அவர்கள் வராததை அவர்களது குற்றமாகவே எழுதிக்கொண்டது. 1881 முதல் சுதேசிகளுக்கெனத் தனித் தண்டனைச் சட்டத்தொகுதி ஒன்றும் நடைமுறையில் இருந்தது. நீதிமன்றத்தின் வழிச் செல்லாது நிர்வாக அதிகாரிகளே அவர்களைத் தண்டிக்க அது இடமளித்தது. 1947 ஆம் ஆண்டின் அல்ஜீரியச் சட்டம் 120 ஆசனங்கள் கொண்ட ஒரு பேரவையை அமைத்து அவற்றைச் சமமாகப் பங்கிட்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் ஐரோப்பியர் பெரும்பான்மையாக அமைந்த தொகுதிக்கு 60. எண்பது இலட்சம் அளவிலான முஸ்லிம்களுக்கு 60.

மதச்சார்பின்மை குறித்தும் அங்கு வேறொரு நீதியே நிலவியது. சமய நிறுவனங்களையும் அரசையும் பிரித்த 1905 ஆம் ஆண்டுச் சட்டம் பிரெஞ்சுக் குடியரசின் பெருமைக்குரிய அடித்தளங்களுள் ஒன்று. ஆனால் 1907 ஆம் ஆண்டின் ஓர் ஆணை, அல்ஜீரியாவில் அதற்கு விதிவிலக்கு அளித்தது. பள்ளிவாசல்களின் இமாம்களை நியமிப்பதையும் அவர்களுக்கு ஊதியம் வழங்குவதையும் அரசு தன் கையிலேயே வைத்துக்கொண்டது. 1931 இல் அப்துல் ஹமீத் இப்னு பாதிஸின் தலைமையில் உருவான அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கம், 1905 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமக்கும் நடைமுறைப்படுத்துமாறு கோரியது. மதத்தை அரசிலிருந்து பிரிக்குமாறு உலமாக்கள் வேண்ட, மதச்சார்பற்ற குடியரசு அதற்கு இணங்காதிருந்தது என்பது இன்றைய விவாதங்களில் பெரும்பாலும் மறக்கப்படும் வரலாறாகும்.

கரை கடந்து வந்த பழக்கம்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பிரான்ஸின் தொழிற்சாலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் அல்ஜீரியத் தொழிலாளர் பெருமளவில் வந்தனர். பாரிஸின் மேற்கே நாந்தேர் என்ற இடத்தில் தகரமும் பலகையும் கொண்டு எழுந்த குடிசைப் பகுதிகளே அவர்களில் பலருக்கு வீடாயின. 1961 அக்டோபர் 5 ஆம் திகதி, அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த வேளை, இரவு 8.30 முதல் காலை 5.30 வரை 'அல்ஜீரியாவின் பிரெஞ்சு முஸ்லிம்கள்' வீதிகளில் நடமாட வேண்டாம் எனப் பாரிஸ் காவல்துறைத் தலைமையகம் அறிவித்தது. பெயரளவில் அவர்கள் அப்போது முழுக் குடியுரிமை பெற்றிருந்தனர்.

அதனை எதிர்த்து அக்டோபர் 17 ஆம் திகதி நாந்தேரிலிருந்தும் ஏனைய புறநகர்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் நிராயுதபாணிகளாகப் பாரிஸின் மையத்தை நோக்கிச் சென்றனர். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். சேன் நதியிலும் வீசப்பட்டனர். அன்றைய அரசு விரல்விட்டு எண்ணக்கூடிய மரணங்களையே ஒப்புக்கொண்டது. வரலாற்றாசிரியர்களின் கணக்குகள் பல பத்துகளிலிருந்து இருநூறுக்கு மேல் வரை செல்கின்றன. 2012 இல்தான் பிரான்ஸின் ஜனாதிபதி ஒருவர் அந்நிகழ்வை ஏற்று நினைவுகூர்ந்தார்.

அன்று பாரிஸின் காவல்துறைத் தலைவராக இருந்தவர் மொரிஸ் பாப்போன். 1998 இல் அவர் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களுக்கு உடந்தையாயிருந்தார் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு 1961 பற்றியது அன்று. 1942 முதல் 1944 வரை போர்தோ நகரில் உயர் அதிகாரியாக இருந்து யூத மக்களை நாசிகளின் முகாம்களுக்கு அனுப்புவதில் அவர் வகித்த பங்கு பற்றியது. யூதருக்கு எதிரான விலக்கலும் முஸ்லிம்களுக்கு எதிரான விலக்கலும் வெவ்வேறு உலகங்களுக்கு உரியவை என்று எண்ணுவோர் இருசாராரிலும் உண்டு. இவ்வொரு மனிதரின் பதவி வரலாறே அவ்வெண்ணத்துக்குப் போதிய மறுப்பாகும்.

நகரின் விளிம்பு

குடிசைகள் அகற்றப்பட்டு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் உயர்ந்தோங்கிய தொடர்மாடிக் குடியிருப்புகள் புறநகர்களில் எழுந்தன. அவற்றில் முதலில் பிரெஞ்சுத் தொழிலாளர் குடும்பங்களும் வாழ்ந்தன. 1973 இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் தொழில்கள் நலிந்தன. வசதி பெற்றோர் வெளியேறினர். வெளியேற இயலாதோர் எஞ்சினர். 1974 இல் தொழிலாளர் வருகை நிறுத்தப்பட்டதும், போவதும் வருவதுமாக இருந்தோர் குடும்பங்களை அழைத்து நிலைகொண்டனர். அவர்களின் பிள்ளைகள் அந்நாட்டிலேயே பிறந்து, அந்நாட்டு மொழியையே பேசி வளர்ந்தனர்.

அந்தத் தலைமுறையினர் 1983 அக்டோபரில் மார்செய் நகரிலிருந்து நடக்கத் தொடங்கி டிசம்பர் 3 ஆம் திகதி பாரிஸை அடைந்தபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் அவர்களோடு அணிவகுத்தனர். சமத்துவத்துக்கும் இனவாத எதிர்ப்புக்குமான நடைபயணம் என்பதே அதற்கு அவர்கள் இட்ட பெயர். ஊடகங்களோ அரபு வம்சாவளி இளைஞரைச் சுட்டும் கொச்சைச் சொல்லால் அதனை அழைத்தன. சமத்துவம் கோரிச் சென்றோர் வேற்றுமையின் பெயராலேயே வரவேற்கப்பட்டனர்.

2005 அக்டோபர் 27 ஆம் திகதி, பாரிஸின் மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கிளிஷி-சூ-புவா என்ற ஊரில், காவலருக்கு அஞ்சி மின் துணைநிலையம் ஒன்றினுள் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தனர். அவ்வூருக்குத் தொடருந்து நிலையம் இருக்கவில்லை. அந்தப் பதினைந்து கிலோமீற்றரைக் கடக்கப் பொதுப் போக்குவரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகும். டிராம் வண்டி 2019 இன் இறுதியிலேயே வந்தது. அச்சிறுவர்களின் மரணத்தைத் தொடர்ந்து மூன்று வாரங்கள் நாடெங்கும் கலவரம் மூண்டது. நவம்பர் 8 ஆம் திகதி அரசு அவசரகால நிலையை அறிவித்தது. அதற்கு ஆதாரமாகக் கொள்ளப்பட்டது 1955 ஏப்ரல் 3 ஆம் திகதிய சட்டம். அது அல்ஜீரியப் போருக்கென இயற்றப்பட்ட சட்டம் என்பதை அவர்களின் பாட்டனார்கள் நன்கறிவர். அச்சம்பவம் தொடர்பில் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர் இருவரும் 2015 இல் விடுவிக்கப்பட்டனர்.

சமூக விலக்கலைப் பற்றிப் பேசும்போது பலர் விலக்கப்பட்டோரின் தெருவையே ஆராய்கின்றனர். விலக்குவோரின் தெருவும் ஆராயப்பட வேண்டும். 2000 ஆம் ஆண்டின் ஒரு சட்டம், நகரசபைகள் தம் எல்லைக்குள் 20 சதவீதம் குறைந்த வாடகை வீடுகளைக் கொண்டிருக்க வேண்டும் என விதித்தது. 2013 இல் அது பல இடங்களுக்கு 25 ஆக உயர்த்தப்பட்டது. பாரிஸை அடுத்துள்ள நெய்யி போன்ற செல்வந்தர் நகரங்கள் அந்த அளவை எட்டாமலே அபராதம் செலுத்திக் காலத்தைக் கடத்தி வந்துள்ளன. முஸ்லிம்கள் தமக்குள்ளேயே ஒதுங்கி வாழ்கின்றனர் என்ற குற்றச்சாட்டு அந்நாட்டில் அடிக்கடி எழுகிறது. செல்வந்தரின் ஒதுங்கலை அப்பெயரால் எவரும் அழைப்பதில்லை.

முக்காடும் மதச்சார்பின்மையும்

1989 இல் கிரெய் நகரின் பாடசாலை ஒன்றில் முக்காடு அணிந்த மூன்று மாணவியர் வகுப்புக்கு அனுமதிக்கப்படவில்லை. அவ்வாண்டு நவம்பர் 27 ஆம் திகதி நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் தெரிவித்த கருத்து தெளிவானது: மாணவர் சமய அடையாளம் அணிவது, தன்னளவில், மதச்சார்பின்மைக்கு முரணானதன்று. 1905 ஆம் ஆண்டுச் சட்டம் நடுநிலையை அரசின் மீதே கடமையாக்கியது; குடிமகனுக்கு அது மனச்சாட்சிச் சுதந்திரத்தையே உறுதி செய்தது. 2004 மார்ச் 15 ஆம் திகதிய சட்டம் அரசுப் பாடசாலைகளில் சமயத்தை வெளிப்படையாகக் காட்டும் அடையாளங்களைத் தடை செய்தபோது, அக்கடமை அரசிடமிருந்து மாணவிக்கு மாற்றப்பட்டது. சீக்கிய மாணவரின் தலைப்பாகையும் அதே சட்டத்தில் அகப்பட்டது. 2010 இல் முகத்திரைக்கும், 2023 இல் பாடசாலைகளில் அபாயா என்ற நீண்ட அங்கிக்கும் தடை நீண்டது.

இத்தடையை ஆதரிப்போரின் வாதத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. வீட்டாரின் வற்புறுத்தலால் முக்காடணியும் சிறுமியைப் பாடசாலையேனும் காக்க வேண்டும் என்கின்றனர் அவர்கள். வற்புறுத்தல் எங்கு உண்டோ அங்கு அது அநீதியே. ஆயினும், வற்புறுத்தப்படுபவளை வகுப்பறையிலிருந்து வெளியேற்றும் விதி அவளைக் காப்பது எவ்வாறு? 1958 மே மாதம் அல்ஜியர்ஸ் நகரின் பொதுவெளியில் முஸ்லிம் பெண்களின் திரைகளைக் களையும் சடங்குகள் காலனியவாதிகளால் அரங்கேற்றப்பட்டன. மறு ஆண்டு ஃபிரான்ஸ் ஃபனோன் அதுபற்றி எழுதினார். அப்பெண்களை விடுவிப்பதாகக் கூறியோரின் ஆட்சியில், அவர்களின் வாக்கு ஐரோப்பியரின் வாக்குக்கு நிகராக நீண்டகாலம் எண்ணப்பட்டிருக்கவில்லை.

எண்ணப்படாதவை

பிரான்ஸில் குடிமக்களின் இனப் பின்னணியைக் கணக்கெடுப்பில் பதிவது வழக்கமில்லை. 1978 ஆம் ஆண்டின் தரவுச் சட்டம் அதனைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. 2007 இல் அரசியலமைப்பு மன்றமும் அவ்வாறான புள்ளிவிபரத்துக்குத் தடையிட்டது. இதற்குப் பின்னால் நியாயமான ஓர் அச்சம் உண்டு. 1940 இல் யூதரைப் பதிவு செய்த ஏடுகளே, 1942 ஜூலையில் பாரிஸ் நகரில் ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேரை வீடுவீடாகச் சென்று கைது செய்ய உதவின. பதிவேடு என்ன செய்யும் என்பதை அந்நாடு கண்டிருக்கிறது.

ஆனால் எண்ணாதிருப்பதும் ஒரு விலையைக் கோருகிறது. அரசு காண மறுப்பதைத் தெருவிலுள்ள காவலர் காண்கிறார். அரபியராகவோ கறுப்பராகவோ தோற்றும் இளைஞர்கள், ஏனையோரை விட இருபது மடங்கு அதிகமாக அடையாளச் சோதனைக்கு நிறுத்தப்படும் வாய்ப்பு உண்டு என, உரிமைகளைப் பாதுகாக்கும் அரச அமைப்பே 2017 இல் கண்டறிந்தது. 'இனம் இல்லை' என்ற உன்னதமான உண்மை, 'இனவாதமும் இல்லை' என்ற பொய்யாக மாறுவது இந்த இடத்தில்தான். நோய் என்று ஒன்றில்லை என அறிவித்தவரிடம் மருந்து கேட்க இயலாது.

2023 ஜூன் 27 ஆம் திகதி, அல்ஜீரிய வம்சாவளியைச் சேர்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன், வாகனச் சோதனையின்போது காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். இடம் நாந்தேர். 1961 இல் எந்தக் குடிசைகளிலிருந்து மக்கள் பாரிஸை நோக்கி நடந்தனரோ அதே ஊர்.

நம்மை நோக்கி ஒரு வினா

அல்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம், மனிதர் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டதன் நோக்கம் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே என்று உணர்த்துகிறது. இதன்படி வேற்றுமை மறைக்கப்பட வேண்டிய குறையன்று, அறிமுகத்தின் வாயில். சமத்துவத்துக்காக அதனைத் துறக்க வேண்டியதுமில்லை. அதனைக் கொண்டு உயர்வு கோரவும் இயலாது.

எனினும் இவ்வசனத்தை மேற்கை நோக்கி மட்டும் ஓதுவது நமக்கு நேர்மையாகாது. முஸ்லிம் நாடான மொரித்தேனியா அடிமை முறையை 1981 இல்தான் சட்டப்படி ஒழித்தது. அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது 2007 இல். அங்கும் அடிமையின் வழித்தோன்றலும் எசமானின் வழித்தோன்றலும் ஒரே தொழுகை அணியில் நின்றவர்களே. நபித்தோழர் ஒருவர் மற்றொருவரை அவருடைய தாயைக் கொண்டு இழித்துப் பேசியபோது, அறியாமைக் காலத்தின் எச்சம் இன்னும் உம்மிடம் உள்ளது என நபியவர்கள் (ஸல்) கண்டித்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. அக்கண்டனம் எதிரிக்குக் கூறப்பட்டதன்று. மிக நெருங்கிய தோழருக்குக் கூறப்பட்டது.

ஆகவே, ஒரு சமூகம் விலக்கலிலிருந்து விடுபட்டுள்ளதா என்பதை அறிய, அதன் சட்டத்தில் இனம் என்ற சொல் உள்ளதா என்று தேடுவது போதாது. அச்சமூகத்தில் சமமாக ஏற்கப்படுவதற்கு ஒருவர் எதனைக் கைவிட வேண்டியுள்ளது என்று கேட்க வேண்டும். 1865 இல் அல்ஜீரிய முஸ்லிம் தன் தனியார் சட்டத்தைக் கைவிட வேண்டியிருந்தது. 2009 இல் கதீஜா தன் மத அடையாளத்தைக் கைவிட்டிருந்தால் சாதகமான பதில் பெறும் வாய்ப்பு கூடியிருக்கும். இதே வினாவை நம் மஹல்லாக்களிலும் திருமண வீடுகளிலும் நிர்வாக சபைகளிலும் நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும். நம்மிடம் வருவோரிடம் நாம் எதனைக் கழற்றி வைக்கச் சொல்கிறோம் என்பதற்கு விடை கண்ட பின்னரே, பிறரைக் குறித்து நாம் கூறும் தீர்ப்புக்கு எடை உண்டாகும்.